நாற்பது பழுப்பு நாற்காலிகள்

முன்பெல்லாம் என் வண்டி நிறைந்து போகும், காலியாகத் திரும்பும். சரக்கு வண்டி ஓட்டுகிறவன் பிழைப்பு அப்படித்தான். திரும்பும்போது பாரம் இல்லாமல் வண்டி குதித்துக் குதித்து வரும், எனக்கும் பாட்டு வரும். இந்த இரண்டு வருடமாக எல்லாம் தலைகீழ். காலையில் எட்டு நாற்காலியோடு போனால் சாயங்காலம் பதினொன்றோடு வருகிறேன். கால் போனது, கை போனது, துணி கிழிந்து குடல் வெளியே தள்ளியது என்று சகலமும் இருக்கும். ஆஸ்பத்திரிக்கு நாற்காலி கொண்டுபோகிறாயா, இல்லை நாற்காலிக்கே ஆஸ்பத்திரி நடத்துகிறீர்களா என்று தெருவில் கேட்கிறார்கள். இரண்டும்தான் என்று சொல்லிவிடுவேன்.

பட்டறை நீளமான தகரக் கூரைக் கட்டடம். முன்பக்கம் ரம்பமும் மரமும், நடுவில் தச்சர், ஜன்னலோரத்தில் அக்காவின் தையல் மெஷின். பின்சுவரில் ஒரு கதவு. அதைத் திறந்தால் அடுப்படி. வீடு வேறு, வேலை வேறு என்று அங்கே கிடையாது. குக்கர் விசில் அடித்தால் தச்சர் உளியைக் கீழே வைப்பார். சோற்றில் மரத்தூள் விழுந்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை, தள்ளிவிட்டுச் சாப்பிடுவார்கள். பதினேழு வருடம் நானும் அந்தச் சோற்றைத் தின்றவன். அக்கா என்று கூப்பிட்டாலும் கூடப் பிறந்தவள் இல்லை. ஆனால் கூடப் பிறந்தவர்கள் எனக்குச் செய்ததைவிட இவள் செய்தது அதிகம்.

அக்காவின் கணவரை எல்லோரும் அளவுகாரர் என்பார்கள். டீயைக் கையில் வாங்கியதும் ஒரு கண்ணை மூடி, தம்ளரில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். அவருக்கு இரண்டு பெருமைகள். அவர் செய்த நாற்காலியை எப்படி ஆட்டினாலும் சத்தம் வராது. இன்னொன்று அவருடைய பசை. இருக்கையைச் சட்டத்தில் வைத்து, பசை தடவி, நாலு ஆணியும் அடித்துவிட்டால் பிறகு கடவுளே வந்தாலும் பிரிக்க முடியாது. மழைக்காலத்தில் பசை காயாது. அப்போது நாற்காலிகளைச் சுற்றி நடந்துகொண்டே இருப்பார், பிரசவ அறைக்கு வெளியே நிற்கிறவர் மாதிரி.

ஐந்து வருடத்துக்கு முன்னால் இந்தப் பசையால்தான் சண்டை வந்தது. ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து துணி கிழிந்த நாற்காலி ஒன்று வந்தது. துணியை மட்டும் மாற்றித் தர வேண்டும். அக்கா அரை நாள் உளியும் சுத்தியலுமாகப் போராடினாள். கடைசியில் இருக்கை வந்தது, சட்டத்தையும் பிளந்துகொண்டு வந்தது. ஒரு முழம் துணிக்காக ஒரு முழு நாற்காலி குப்பைக்குப் போயிற்று. பசை ஊறிய மரம் ரம்பத்துக்கும் ஆகாது, அடுப்புக்கும் ஆகாது. எரித்தால் புகை தொண்டையை அறுக்கும்.

அன்றைக்கு நானும் இருந்தேன், தச்சரும் இருந்தார், ஒரு வாடிக்கையாளரும் நின்றிருந்தார். அத்தனை பேர் முன்னால் அக்கா சொன்னாள்.

"இனிமே இருக்கைக்கு ஸ்க்ரூ போடுங்க. கிழிஞ்சா கழட்டி மாத்திக்கலாம்."

"பிரிக்கிறதுக்காகவா செய்யறோம்?" என்றார் அவர். "நாளைக்குக் கழண்டுரும்னு நாமளே சொல்லிக் குடுக்கிற மாதிரி இருக்கு."

"கழண்டா என்ன? திரும்ப மாட்டலாம்ல. உங்க பிடிவாதமும் இந்தப் பசை மாதிரிதான். எடுக்கப் போனா கூட இருக்கிறதையும் உடைச்சுக்கிட்டுதான் வரும்."

தச்சர் சிரித்துவிட்டார். அதுதான் வினை. அக்கா மட்டும் தனியாகச் சொல்லியிருந்தால் அளவுகாரர் இரண்டு நாள் முறைத்துவிட்டு மறந்திருப்பார். மூன்று பேர் கேட்க, அதில் ஒருவர் சிரிக்க, மனிதர் வாயை மூடிக்கொண்டார். ஒன்பது நாள் அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆஸ்பத்திரியின் கண் பிரிவுக்கு நாற்பது நாற்காலி செய்ய வேண்டிய நேரம் அது. பழுப்புத் துணி. அக்கா உறைகளைத் தைத்து தச்சரிடம் கொடுப்பாள், தச்சர் அவரிடம் கொடுப்பார். "உறை பத்தலைன்னு அவங்ககிட்ட சொல்லுங்க" என்று அளவுகாரர் சொல்வார். இருவருக்கும் நடுவில் பத்தடிதான். தச்சர் தபால்காரராகி நடந்து நடந்து இளைத்துப்போனார். இருக்கைகளைப் பொருத்தும் வேலையை எப்போதும்போல அளவுகாரர்தான் செய்தார். ஆனால் அந்த முறை தச்சரைக்கூடப் பக்கத்தில் விடவில்லை. பட்டறையின் பின்மூலைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு செய்தார்.

பத்தாவது நாள் காலையில் கடைசி நாற்காலிகளை என் வண்டியில் ஏற்றினார். மத்தியானம் பலகை அடுக்கில் சாய்ந்து உட்கார்ந்தவர் அப்படியே போய்விட்டார். மாரடைப்பு. தையல் மெஷினில் இருந்த அக்கா, அவர் தூங்குகிறார் என்று நினைத்தாள். எழுப்பினால் முதலில் பேசியவள் ஆகிவிடுவோம் என்று எழுப்பாமல் விட்டாள். இதை அவளே ஒரு நாள் என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோக்கப் போனாள். நூல் ஊசிக்குள் போகவே இல்லை.

அதற்குப் பிறகு பட்டறை படுத்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். படுக்கவில்லை. அக்காவும், படிப்பை முடித்துவிட்டு வந்த மகளும் எடுத்து நிறுத்தினார்கள். மகள் வந்ததும் பசைப் பானையை வெளியே வைத்தாள், புது நாற்காலிகளுக்கு எல்லாம் ஸ்க்ரூ என்றாள். அக்கா மறுபேச்சுப் பேசவில்லை. ஜெயித்துவிட்டோம் என்ற முகமும் அவளுக்கு இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் சாமான் வாங்கும் பொறுப்புக்குப் புதிதாக ஓர் அம்மா வந்தார். அவரைத் தராசம்மா என்றுதான் நாங்கள் சொல்வோம், ஏன் என்று பிறகு தெரியும். அவர் பட்டறைக்கு வந்து, அக்கா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, ஆஸ்பத்திரி இனிமேல் நாற்காலி வாங்காது என்றார். அக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது. அவர் சிரித்துக்கொண்டு மீதியைச் சொன்னார். நாற்காலி உங்களுடையதாகவே இருக்கட்டும், நாங்கள் உட்காருவதற்கு மாதாமாதம் பணம் கொடுக்கிறோம். உடைந்தால் நீங்கள் எடுத்துப்போய்ச் சரிசெய்து கொண்டு வாருங்கள், ஏற்கனவே நாங்கள் வாங்கி வைத்திருக்கும் பழையவற்றையும் சேர்த்துத்தான். ஒரே ஒரு நிபந்தனை. மாதக் கடைசியில் நீங்கள் எவ்வளவு குப்பையைத் தூக்கி எறிகிறீர்கள் என்று நான் நிறுத்துப் பார்ப்பேன். அது குறைந்துகொண்டே வரவேண்டும். இரண்டு வருடம் பார்ப்போம், குறையாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன்.

எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. விற்ற சரக்கைத் திரும்ப வீட்டுக்குக் கூப்பிடுகிற வியாபாரத்தை யார் கேட்டிருக்கிறார்கள்? ஆனால் மகளுக்குக் கண் மின்னியது. சீக்கிரம் உடைகிற நாற்காலி செய்கிறவனுக்குத்தான் இதுவரை லாபம், இனிமேல் நன்றாகச் செய்கிறவனுக்கு லாபம் என்று விளக்கினாள். அதுவரை புரியாத எனக்கு அப்போது புரிந்தது. கால் உடைந்தால் காலை மட்டும் மாற்றினார்கள். உடைந்த கால், இருக்கைக்கு அடியில் முட்டுக் கொடுக்கும் மூலைக்கட்டை ஆயிற்று. அமுங்கிப்போன ஃபோமை வெட்டி முதுகுத் திண்டுகளுக்குள் வைத்தார்கள். பழைய துணி தச்சருக்குப் பாலிஷ் துடைக்க. அளவுகாரரின் பசையோடு பிளந்து வந்த பலகைகள் மட்டும்தான் ஒன்றுக்கும் ஆகாமல் பின்சுவரோரம் குவிந்தன. தராசம்மாவின் தராசில் ஏறியது பெரும்பாலும் அவைதான்.

திரும்பி வந்த பழைய நாற்காலி ஒன்றை அக்கா பிரித்தபோதுதான் முதல் எழுத்து கிடைத்தது. இருக்கையைப் பெயர்த்து, துணியை உரித்து, ஒட்டியிருந்த ஃபோமைப் பிய்த்தால் உள்ளே பலகை. பலகையில் பென்சிலால், அளவுகாரரின் குண்டுக் கையெழுத்தில், நீளம் அகலம் போட்டு, அதன் கீழே ஒரு வரி.

'மழை. பசை காய நேரமாகிறது.'

அக்கா தச்சரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவருக்கும் தெரியாது. ஃபோமை ஒட்டி மூடுவதற்கு முன்னால் எழுதி வைத்திருக்கிறார் மனிதர். யார் படிப்பார்கள் என்று எழுதினாரோ. அடுத்த நாற்காலியில் 'மகளுக்குக் காய்ச்சல். இன்று எட்டுதான் முடிந்தது' என்று இருந்தது. மகள் அதைப் படித்துவிட்டு வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவினாள். மூன்றாவதில் இருந்ததைப் பார்த்து நாங்கள் எல்லோரும் சிரித்தோம். 'தையல் நூல் பிடித்த மாதிரி நேராக வந்திருக்கிறது. சொன்னால் தலைக்கு ஏறும்.'

அக்கா சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வருடம் தைத்திருக்கிறாள். நன்றாக இருக்கிறது என்று ஒரு நாள்கூட அவர் சொன்னதில்லை.

அன்றையிலிருந்து அவள் வேறு ஆளாகிவிட்டாள். என் வண்டிச் சத்தம் கேட்டால் மெஷினை நிறுத்திவிட்டுத் தெருவுக்கே வந்து நிற்பாள். இறக்குகிற ஒவ்வொரு நாற்காலியையும் பார்ப்பாள். முதலில் எனக்குப் புரியவில்லை. எழுத்தைத் தேடுகிறாள் என்று நினைத்தேன். ஒரு நாள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது தணிந்த குரலில் கேட்டாள்.

"கண் பிரிவு நாற்காலி ஏதும் வரலையா தம்பி? பழுப்பு?"

"அது எதுக்கு வருது? அதுல ஒண்ணுகூட ஆடல. அஞ்சு வருஷமா அப்படியே நிக்குது."

"ஓ" என்றாள். கணவர் செய்த நாற்காலி நன்றாக இருக்கிறது என்று கேட்டு ஒரு மனைவி இப்படிச் சோர்ந்து நான் பார்த்ததில்லை. பிறகு அவளே சொன்னாள்.

"அந்த ஒம்பது நாளும் அவரு அதத்தான் செஞ்சாரு. என்னைப் பத்தி என்ன எழுதினாருன்னு பாக்கணும். திட்டியிருந்தாலும் சரி. கோவத்தோடயே போயிட்டாரா, இல்ல மனசு ஆறிடுச்சா, அது ஒண்ணு தெரிஞ்சா போதும்."

மழை வரும் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வானம் பளிச்சென்று இருந்தது.

வராத பழுப்புக்காகக் காத்திருந்தவள், வந்தவற்றை எல்லாம் பிரிக்க ஆரம்பித்தாள். அங்கேதான் தப்பு நடந்தது. கால் மட்டும் ஆடுகிற நாற்காலி வரும். காலை மாற்றி அனுப்ப வேண்டியதுதான். இவள் இருக்கையையும் பெயர்த்துவிடுவாள். நல்ல துணி, நல்ல ஃபோம், இன்னும் பத்து வருடம் உழைக்கக்கூடிய பலகை எல்லாம் கந்தலாகும். உள்ளே சில சமயம் ஒரு வரி இருக்கும், பல சமயம் வெறும் அளவுதான். எழுத்து இருந்த பலகைகளைப் படுக்கையறையில் சுவரோரமாக அடுக்கினாள். மகள் ஒரு நாள் கால் வைக்க இடமில்லாமல் நின்றுகொண்டு என்னிடம் சொன்னாள், "வண்டி மாமா, அம்மா நாற்காலிய ரிப்பேர் பண்றாங்களா, அப்பாவத் தேடறாங்களான்னே தெரியல."

எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

தராசுக்கு அந்தத் தயக்கம் கிடையாது. மூன்று மாதம் தொடர்ந்து குப்பையின் எடை ஏறியது. தராசம்மா வந்தார், பின்சுவரோரக் குவியலைப் பார்த்தார், கிழியாத துணியும் அமுங்காத ஃபோமும் அதில் கிடப்பதைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. நல்லதை உடைப்பதற்கு நான் உங்களிடம் வரவேண்டியதில்லையே, அதைச் செய்யத்தான் ஊரெல்லாம் ஆள் இருக்கிறார்களே என்றார். இன்னும் இரண்டு மாதத்தில் பழைய எடைக்குக் கீழே வராவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். டீயை அவர் தொடவில்லை.

அன்றைக்கு அம்மாவுக்கும் மகளுக்கும் நடந்த பேச்சை நான் முழுதும் கேட்கவில்லை. அடுப்படிக் கதவு சாத்தியிருந்தது. மகள் கெஞ்சுவது மட்டும் கேட்டது. அவளுக்கும் அவர் பெற்ற அப்பாதான், அவளுக்கும் ஏக்கம்தான், ஆனால் பட்டறையையும் சேர்த்துத் தொலைத்துவிட்டு எங்கே போய் உட்காருவது என்று கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அக்கா வெளியே வந்தாள். தச்சரிடம் உளியைக் கொடுத்தாள்.

"இருக்கை நல்லாயிருந்தா இனிமே நான் தொட மாட்டேன். உளிய நீங்களே வெச்சுக்குங்க."

சொன்னபடியே இருந்தாள். இரண்டு மாதத்தில் எடை இறங்கியது. படுக்கையறைப் பலகைகளைக்கூட அவளே வெளியே கொண்டு வந்தாள். எழுத்தின் மேல் புது ஃபோமை வைத்துத் துணியைப் போர்த்தி, அந்தப் பலகைகளைத் திரும்ப நாற்காலிகளாக்கினாள். ஒவ்வொன்றையும் மூடும்முன் ஒரு முறை கையால் தடவுவாள். தராசம்மா வந்து டீ குடித்தார். எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது. அக்கா மட்டும் பாதியாகிவிட்டாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள், வாய்க்குப் போகாது. என் வண்டிச் சத்தம் கேட்டாலும் மெஷின் நிற்பதில்லை. அவள் தெருவுக்கு வந்து நின்றபோது எரிச்சலாக இருந்தது. வராமல் இருந்ததும் எனக்குத் தாங்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் நான் கண் பிரிவுக்குப் போய்ப் பார்ப்பது வழக்கமாயிற்று. நீளமான கூடம். சுவரோரம் இருபது, எதிரில் இருபது. கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு மூடிய கண்ணோடு உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் மனைவியோ மகனோ கையைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். கூப்பிட்டதும் எழுந்து போவார்கள், அடுத்தவர் உட்காருவார். நாள் முழுக்க உட்காருவதும் எழுவதும்தான். நானும் உட்கார்ந்து பார்ப்பேன். முன்னால் சாய்ந்தும் பின்னால் சாய்ந்தும் என் எடை முழுவதையும் போட்டு ஒரு பக்கமாக ஆட்டியும் பார்ப்பேன். ஒரு முனகல் கிடையாது. மனிதர் உயிரோடு இருந்தபோதும் இப்படித்தான், எந்தப் பக்கம் ஆட்டினாலும் ஒரு வார்த்தை வராது.

ஒரு சனிக்கிழமை கூடத்தைக் கழுவுவதற்காக நாற்காலிகளைப் பின்வாசலில் கொண்டுவந்து அடுக்கியிருந்தார்கள். ஆளில்லை. என் வண்டி பக்கத்தில்தான் நின்றது. டயர் மாற்றும் இரும்பை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று நியாயம் சொல்லப் போவதில்லை. முதல் அடிக்கு நாற்காலி அசையவில்லை, இரண்டாவதுக்கும் அசையவில்லை, எனக்குத்தான் கை விண்ணென்றது. நாலாவது அடியில் முன்கால் பிளந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் சுற்றுமுற்றும் பார்த்தேன். உடைந்த சாமான் என்று எழுதிக் கொடுத்து வண்டியில் ஏற்றினேன்.

பட்டறை வாசலில் இறக்கினபோது பழுப்புத் துணியைப் பார்த்து மெஷின் நின்றது. அக்கா வந்தாள். ஓடி வரவில்லை, மெதுவாக வந்தாள். நாற்காலியின் முன்னால் உட்கார்ந்து உடைந்த காலைக் கையில் எடுத்தாள். விரலால் பிளவைத் தடவினாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"யாரு உடைச்சது?"

"தானா..."

"தானா உடைஞ்சா மூட்டுல விடும். இது நடு மரம். அடிச்ச தடம் இருக்கு. அவரு செஞ்ச கால் தானா இப்படிப் போகாது தம்பி."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நாற்பத்தாறு வயதில், வேலை செய்கிற இடத்தில், எல்லோர் முன்னாலும் அப்படி நிற்பது எப்படி இருக்கும் என்று நின்றவனுக்குத்தான் தெரியும்.

"எனக்காகச் செஞ்சேன்னு மட்டும் சொல்லாத" என்றாள். "கண்ணு தெரியாத ஜனம் உட்கார்ற நாற்காலி இது. திங்கக்கிழமை காலைல நீயே கொண்டுபோய் வெச்சுட்டு, அந்தம்மாகிட்ட நான்தான் உடைச்சேன்னு சொல்லணும்."

சரி என்றேன். அவள் தச்சரைக் கூப்பிட்டு, முதலில் காலைச் செய்யச் சொன்னாள். புதுக் காலைக் கடைந்து, மூட்டு இறக்கி, பழைய சாயத்துக்கு ஒத்துப்போகப் பூசிக் காயவைக்க மத்தியானம் ஆகிவிட்டது. அதுவரை அவள் ஜன்னலோரத்தில் தைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கால் முடிந்தது. நாற்காலி நாலு காலில் பட்டறை நடுவில் நின்றது. இருக்கை கிழியவில்லை, அமுங்கவில்லை. திறப்பதற்கு அதில் ஒரு வேலையும் இல்லை.

"ஏத்திக்கோ" என்றாள் அக்கா, தையலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் அசையவில்லை. தச்சரும் அசையவில்லை. மகள்தான் எழுந்தாள். தச்சரின் பெட்டியிலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்தாள், அம்மாவின் மடியில் வைத்தாள்.

"இது ஒண்ணத் திறம்மா."

"இருக்கை நல்லாயிருக்குடி. குப்பைதான் சேரும்."

"சேரட்டும். அந்தம்மாகிட்ட நான் பேசிக்கறேன். திற."

அக்கா எழுந்து வந்தாள். நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். அடியில் தூசு போகாமல் கறுப்புத் துணி இழுத்து அடித்திருந்தது. உளி வைக்க இடம் தேட வேண்டுமே, அதற்காகத் துணியின் ஒரு ஓரத்தைக் கத்தியால் கீறி விலக்கினாள். பசை வழிந்து காய்ந்த மஞ்சள் வரம்பு அங்கே இருக்க வேண்டும். எல்லாப் பழைய நாற்காலியிலும் இருக்கும். இதில் இல்லை. அவள் துணியை முழுவதும் கிழித்தாள்.

நாலு மூலையிலும் நாலு ஸ்க்ரூ.

தச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். அவருக்கும் தெரியாது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஸ்க்ரூவின் தலைக் கோடுகள் நாலும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன, அளவுகாரர் வேலை. அக்காவின் கையிலிருந்து உளியை வாங்கிக்கொண்டு திருப்புளியைக் கொடுத்தேன். முதல் ஸ்க்ரூ மூன்றே சுற்றில் இளகியது. வெளியே எடுத்துப் பார்த்தால் துருவின் நிழல்கூட இல்லை. மரையில் மெழுகு.

"மெழுகு தடவி இறக்கியிருக்காரு" என்றார் தச்சர். "எத்தனை வருஷம் ஆனாலும் லேசாக் கழட்ட வரணும்னு."

மற்ற மூன்றும் அப்படியே வந்தன. அக்கா இருக்கையைத் தூக்கினாள். ஒரு சிராய்கூடப் பெயரவில்லை. உறையின் ஓரத்தைப் பிரித்தாள், ஃபோம் ஒட்டாமல் தனியாக வந்தது. உள்ளே பலகை. சுத்தமான பலகை, பசை ஒரு பொட்டுகூட இல்லை. எழுத்தும் இல்லை. அளவுகூட எழுதவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் நானும் அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தேன்.

"ஒண்ணும் எழுதலையே அக்கா" என்றேன்.

"இதுக்கு மேல என்ன எழுதணும்?" என்றாள்.

மகள் இந்த ஒரு நாற்காலியை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அக்கா தலையை ஆட்டினாள். திங்கட்கிழமை காலையில் கண் பிரிவில் ஆட்கள் வந்துவிடுவார்கள், முப்பத்தொன்பதுதான் இருக்கும், ஒருவர் நிற்க வேண்டியிருக்கும் என்றாள். ஃபோமை வைத்தாள், உறையைப் போர்த்தினாள், இருக்கையைச் சட்டத்தில் பொருத்தினாள். ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக எடுத்து முடுக்கினாள். மெழுகைத் துடைக்கவில்லை. தச்சர் உதவிக்கு வந்தபோது வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

மூன்று ஸ்க்ரூ போட்டாயிற்று. நாலாவதைக் குழியில் வைத்தவள் முடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். முகம் சிவந்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். பலகை அடுக்கு இருக்கும் பக்கம் திரும்பி, சோற்றுக்குக் கூப்பிட்டு வராத ஆளை அதட்டுகிற அதே குரலில் கேட்டாள்.

"சொன்னபடிதான் செஞ்சீங்கல்ல? அத வாயத் திறந்து சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

அந்த ஒன்பது நாளுக்கும் இந்த ஐந்து வருடத்துக்கும் பிறகு அக்கா அவரிடம் பேசியது அதுதான். அதற்கப்புறம்தான் அழுதாள்.